பழைய வீட்டு வண்டிக்குப் புது டயர்: விலை கேட்கும் முன் எண்ணைப் படியுங்கள்!

செருப்பு வாங்கக் கடைக்குப் போகிறோம். கடைக்காரர் முதலில் என்ன கேட்கிறார்? "எத்தனாம் நம்பர்?" என்று கேட்கிறார். விலை அப்புறம்தான். நம்பர் தெரியாமல் விலை பேசி என்ன பயன்?

வண்டிக்கு டயர் வாங்குவதும் அப்படித்தான். ஆனால் ஒரு வித்தியாசம். செருப்பு பொருந்தாவிட்டால் கால் கடிக்கும். டயர் பொருந்தாவிட்டால் உயிரே போய்விடும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோர ஊர் கட்டுமாவடி. கிழக்குக் கடற்கரைச் சாலை இந்த ஊர் வழியாகப் போகிறது. வடக்கே போனால் அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, வேளாங்கண்ணி, நாகூர். தெற்கே போனால் மணமேல்குடி, மீமிசல், தொண்டி, இராமநாதபுரம். அங்கிருந்து இராமேசுவரம். மீன் வண்டியும் போகும். யாத்திரை வேனும் போகும்.

அண்மைக் காலமாக இன்னொரு வகை வண்டியின் மீதும் மக்களுக்கு ஆசை பிறந்திருக்கிறது. அதுதான் வீட்டு வண்டி. உள்ளே கட்டில் இருக்கும். அடுப்பு இருக்கும். தண்ணீர்த் தொட்டி இருக்கும். சினிமாக்காரர்கள் "கேரவன்" என்பார்களே, அதுதான். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டமே தொடங்கியது. புது வண்டி வாங்க வசதி இல்லாதவர்கள் பழைய வேனை வாங்கி வீடாக மாற்றுவதும் உண்டு. அப்படி மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி அவசியம்.

அப்படி ஒரு பழைய வண்டியில் ஒரு குடும்பம் இராமேசுவரம் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் காற்று அடிக்க நிறுத்துகிறார்கள். பஞ்சர் கடைத் தம்பி டயரைத் தடவிப் பார்க்கிறார்.

"அண்ணே, பட்டன் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பக்கமெல்லாம் வெடிச்சுப் போச்சே!"

"வண்டி அதிகம் ஓடலையே தம்பி. வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் எடுக்கிறோம்."

"அதனாலதாண்ணே கெட்டுப் போச்சு."

ஓடாத டயர் எப்படிக் கெடும்? நியாயமான கேள்விதான்.

ரப்பருக்கும் வயது உண்டு

டயர் ரப்பரில் ஒரு வகை மெழுகும் சில மருந்துகளும் கலந்திருக்கின்றன. வண்டி ஓடும்போது டயர் அமுங்கி நிமிர்கிறது. அப்போது அந்த மெழுகு மேலே கசிந்து வந்து ரப்பருக்குக் காப்பாக நிற்கிறது. வண்டி நின்றுகொண்டே இருந்தால் அது சரியாக மேலே வருவதில்லை. வெயிலும் காற்றும் ரப்பரை வறட்டி விடுகின்றன. பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன.

கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை. உப்புக் காற்று இரும்பு ரிம்மைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த இடத்தில் டயர் ஒட்டி உட்காராது. டியூப் இல்லாத டயரானால் காற்று மெல்லக் கசியும். காற்று குறைந்த டயர் ஓட ஓடச் சூடேறும். சூடேறிய பழைய டயர் வெடிக்கும்.

பட்டன் என்பது தரையில் படும் பகுதி. கார், வேன்களுக்கு அதன் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. பள்ளத்துக்குள் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால் வீட்டு வண்டியின் டயர் தேய்ந்து சாவது அபூர்வம். அது வயதாகித்தான் சாகிறது.

மகனைவிட மூத்த டயர்

இங்கிலாந்தில் 2012 செப்டம்பரில் நடந்த விபத்து இது. இசை விழாவுக்குப் போன இளைஞர்கள் ஒரு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன் சக்கர டயர் வெடித்தது. பஸ் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. 3 பேர் மாண்டார்கள்.

விசாரணையில் வெளியான செய்தி எல்லோரையும் திடுக்கிட வைத்தது. அந்த டயர் செய்யப்பட்டு 19 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது! இறந்தவர்களில் ஓர் இளைஞனுக்கு வயது 18. அவனைவிட அந்த டயர் மூத்தது.

அவனுடைய தாய் அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். அதன் பயனாக 2021 பிப்ரவரி 1 முதல் அந்த நாட்டில் புது விதி வந்தது. பஸ், லாரிகளின் முன் சக்கரத்தில் 10 ஆண்டுக்கு மேற்பட்ட டயர் கூடாது என்பதே அந்த விதி.

டயரின் பிறந்த நாளை எப்படி அறிவது? மிகவும் எளிது. டயரின் பக்கச் சுவரில் டி, ஓ, டி என்ற ஆங்கில எழுத்துக்கள் இருக்கும். அந்த வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். "2319" என்று இருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். ஒரு பக்கம் காணாவிட்டால் மறுபக்கம் பாருங்கள். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முன் பிறந்த டயர். யோசிக்க வேண்டாம், கழற்றிவிடுங்கள்.

5 ஆண்டு ஆனபின் ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். 10 ஆண்டு ஆனால், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டும். மிஷலின் போன்ற பெரிய கம்பெனிகள் சொல்லும் யோசனை இது.

பழைய அளவுகள் மறைவதேன்?

முறுக்குக்கு ஓர் அச்சு. இடியாப்பத்துக்கு வேறு அச்சு. டயரும் அப்படியே. ஒவ்வோர் அளவுக்கும் தனி அச்சு வேண்டும். வாங்குவோர் குறைந்தால் கம்பெனி அந்த அச்சை ஓரமாக வைத்துவிடும்.

அம்பாசடர் காருக்கு 5.90-15 என்ற அளவு. அந்தக் கார் உற்பத்தி 2014-இல் நின்றது. வண்டி நின்றால் டயரும் மெல்லக் குறையத்தானே செய்யும்? பழைய ஜீப்பின் அளவு 6.00-16. சிறிய லாரிகளில் 7.50-16, 8.25-16 ஆகியவை வழக்கம். உங்கள் பழைய வண்டி சிறிய லாரியின் சட்டத்தில் கட்டியது என்றால் அதிர்ஷ்டம்தான். இந்த அளவுகள் இன்னும் ஓடுகின்றன.

அமெரிக்காவில் இந்தத் தொல்லையைப் பெரிதாக அனுபவித்தவர்கள் உண்டு. ஜி.எம்.சி. கம்பெனி 1973 முதல் 1978 வரை ஒரு வீட்டு வண்டி செய்தது. அதன் ரிம் 16.5 அங்குலம். காலம் போகப் போக அந்த அளவு டயர் அரிதாகிவிட்டது. பலர் ரிம்மையே மாற்றி 16 அங்குலத்துக்கு வந்தார்கள்.

அரை அங்குலம்தானே என்று நினைத்து, பழைய 16.5 ரிம்மில் 16 அங்குல டயரை மாட்டினால் என்ன ஆகும்? காற்று அடிக்கும்போதே டயரின் விளிம்புக் கம்பி அறுந்து வெடிக்கும். பக்கத்தில் நிற்பவரைக் கொன்றுவிடும். ஆகவே ரிம்மின் எண்ணும் டயரின் எண்ணும் அச்சாகப் பொருந்த வேண்டும். "கிட்டத்தட்ட" என்ற பேச்சு இங்கே உதவாது.

டிராக்டர் டயர் ஜாக்கிரதை!

நம் பக்கத்தில் எளிதில் ஏமாறக் கூடிய இடம் இது. ஜீப்புக்கு 6.00-16 என்றோம். டிராக்டரின் முன் சக்கரத்துக்கும் 6.00-16 அளவு உண்டு! கடையில் கேட்டதும் அதுதான் கைக்குக் கிடைக்கும். எண்ணும் ஒன்று. ரிம்மிலும் ஏறிவிடும்.

ஆனால் டிராக்டர் டயர் வயலில் மெதுவாகப் போவதற்காகச் செய்தது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் வேகமாகப் போவதற்கு அல்ல. வரியும் குறைவு என்று ஆசை காட்டுவார்கள். உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், வேன், லாரி டயருக்கு 18 சதவீதம். வரிக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா?

எடை மேடையில் ஏற்றுங்கள்

வீட்டு வண்டியின் சுமை இறங்காத சுமை. மீன் வண்டி சந்தையில் காலியாகிவிடும். வீட்டு வண்டியில் கட்டிலும் அடுப்பும் எப்போதும் இருக்கும். 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. நிறைந்த சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்று சுமார் 30 கிலோ.

ஆகவே எல்லாவற்றையும் ஏற்றி, ஆட்களையும் உட்கார வைத்து, எடை மேடைக்குப் போங்கள். முன் சக்கரங்களைத் தனியாகவும் பின் சக்கரங்களைத் தனியாகவும் நிறுத்துங்கள். பின்பக்கம் 1,900 கிலோ என்று வந்தால், இரண்டு சக்கரத்துக்கும் தலா 950 கிலோ.

இனி டயரைப் படியுங்கள். "195/75 ஆர் 16, 107/105" என்று இருக்கிறது. 195 என்பது அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது உயரம், அகலத்தில் நூற்றுக்கு எவ்வளவு என்று. ஆர் என்றால் ரேடியல். 16 என்பது ரிம், அங்குலத்தில். 107 என்பது சுமைக்கான எண். அதற்கு 975 கிலோ என்று பொருள். 105 என்றால் 925 கிலோ. ஒரே பக்கம் இரட்டைச் சக்கரம் போட்டால் ஒவ்வொன்றும் தாங்குவது இதுதான்.

950 கிலோ சுமைக்கு 975 கிலோ டயர் போதுமா? கணக்குக்குப் போதும். ஆனால் மிச்சம் 25 கிலோதான். ஓர் அரிசி மூட்டை ஏற்றினால் தீர்ந்தது! சுமை எண் 112 என்றால் 1,120 கிலோ தாங்கும். ரிம்முக்குப் பொருந்தினால் அதை வாங்குவதே புத்தி. ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் நைலானும் மாட்டக் கூடாது.

எங்கே தேடுவது?

கட்டுமாவடியிலிருந்து புறப்பட்டால் அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை, புதுக்கோட்டை, அப்புறம் திருச்சி. கார் டயர் கடையில் "இல்லை" என்றால் மனம் தளர வேண்டாம். லாரி டயர் விற்கிற இடத்தில் கேளுங்கள். எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பக்கச் சுவரைப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னைப் புதுப்பேட்டை பழைய வண்டிச் சாமான்களுக்குப் பெயர் போனது. ரிம் தேட அங்கே போகலாம். பழைய டயர் வாங்கப் போக வேண்டாம். அது எத்தனை குழியில் இடிபட்டதோ, யார் கண்டது?

அமெரிக்காவில் 1958-இல் தொடங்கிய கோக்கர் என்ற கம்பெனி, பழைய கார்களுக்கென்றே பழைய அளவில் டயர் செய்கிறது. ஆனால் வெளிநாட்டு டயரை நினைத்தவுடன் தருவிக்க முடியாது. நம் நாட்டில் டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடும் போட்டது. எனவே உள்ளூரில் கிடைக்கும் அளவுக்கு ரிம்மை மாற்றுவதே பலருக்கு நல்ல வழி. அதையும் விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் விசாரித்துச் செய்ய வேண்டும்.

இனி விலைக்கு வருவோம்

"டயர் என்ன விலை?" என்று மட்டும் கேட்காதீர்கள். வரி சேர்த்தா, சேர்க்காமலா? டியூபும் ஃப்ளாப்பும் உண்டா? மாட்டும் கூலி, வீல் பேலன்ஸ், அலைன்மென்ட் எவ்வளவு? எல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் இரட்டைச் சக்கரமானால் 6 டயர், ஸ்டெப்னியோடு 7. ஒரு டயர் வரி சேராமல் 10,000 ரூபாய் என்று கணக்குக்கு வைப்போம். ஏழுக்கு 70,000. முன்பு 28 சதவீத வரியோடு 89,600 ரூபாய் ஆகியிருக்கும். இப்போது 18 சதவீத வரியோடு 82,600. மிச்சம் 7,000 ரூபாய்.

இன்னொரு கணக்கும் உண்டு. புதிதாகச் செய்த டயர் 12,000 ரூபாய். அதே டயர், கடையில் 4 ஆண்டு கிடந்தது, 8,000 ரூபாய். எது மலிவு? 6 ஆண்டு வைத்து ஓட்டுவது உங்கள் கணக்கு என்றால், புது டயருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். கிடப்பு டயருக்கு மிச்சம் 2 ஆண்டுதான். ஆண்டுக்கு 4,000 ரூபாய்! மலிவு என்று வாங்கியது இரட்டை விலை ஆகிவிட்டது.

தினம் ஓடும் லாரிக்காரர் கிலோமீட்டர் கணக்குப் பார்க்கலாம். வீட்டு வண்டிக்காரர் ஆண்டுக் கணக்குத்தான் பார்க்க வேண்டும்.

தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டன் ஒட்டும் ரீட்ரெடிங் கெட்ட தொழில் அல்ல. அரசு பஸ்களுக்கே அது நடக்கிறது. சென்னைத் திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். கம்பெனி, 1952-இல் பட்டன் ரப்பரில் இறங்கித்தான் பெரிதானது. 1961-இல்தான் டயர் செய்ய வந்தது. ஆனால் ரீட்ரெடிங்கில் பட்டன்தான் புதிது. உள்ளே இருக்கும் உடம்பு பழையது. வயதாகி வெடித்த டயருக்கு அது மருந்து ஆகாது.

புது டயர் மாட்டியாகிவிட்டதா? வண்டியை நிழலில் நிறுத்துங்கள். வெயில் படும் பக்கம் டயருக்குத் துணியோ சாக்கோ போட்டு மூடுங்கள். மாதம் ஒரு முறை சிறிது தூரம் ஓட்டுங்கள். புறப்படும் நாளில் டயர் சூடேறும் முன் காற்றுப் பாருங்கள். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள், அதற்கும் வயது ஏறுகிறது.

வயது, ரிம், சுமை. இந்த மூன்று எண்ணையும் படித்துவிட்டு, நான்காவதாக விலையைக் கேளுங்கள். ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. எண் தெரிந்தால் போதும். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் கூப்பிட்டு அந்த நான்கு இலக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையும் அதே வண்டியில்தானே வரப்போகிறது!