கோடையில் பெய்த மழை: கண்மாய்க்குச் சந்தோஷம், கூலிக்குச் சங்கடம்



2024 மே மாதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாதப் பிறப்பில் அனல் காத்து. 9-ஆம் தேதி சிவகாசி பக்கம் செங்கமலப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து, பெண்கள் உட்படப் பலர் இறந்து போனார்கள். அந்தத் துக்கம் ஆறுவதற்குள், மாத நடுவில் வானம் மூடிக்கொண்டது. அக்கினி நட்சத்திரத்தில் ஐப்பசி மாதிரி மழை. 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது.

அப்போது நம் குழுக் கூட்டங்களில் இரண்டு விதமாகப் பேச்சு வந்தது. "பூமி குளுந்துச்சு, ஆடு மாட்டுக்குப் புல்லு முளைச்சிருச்சு" என்று சந்தோஷம். "பத்து நாளா ஆலை லீவு, தவணைக்கு எங்கே போறது?" என்று கவலை. இரண்டையும் சொன்னது பல சமயம் ஒரே அக்காதான்! ஒரு ஏக்கர் கரிசலும் வைத்துக்கொண்டு, பட்டாசு வேலைக்கும் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இல்லையா?

முதலில், கோடையில் ஏன் மழை? வெயிலில் தரை சூடாகி, காற்று மேலே ஏறுகிறது. கடலிலிருந்து வரும் ஈரம் அதோடு சேர்ந்தால், மத்தியானத்துக்கு மேல் இடிமேகமாகத் திரண்டு கொட்டிவிடும். இது வருஷா வருஷம் நடப்பதுதான். தமிழ்நாட்டில் மார்ச் முதல் மே வரை சராசரியாக 12 செ.மீ. சொச்சம் பெய்யும். கடலில் காற்றுச் சுழற்சியும் சேர்ந்தால் மழை நாள் கணக்கில் நீளும். 2024-இல் அதுதான் நடந்தது. அந்த மாதக் கடைசியில் வங்காளத்தில் கரை ஏறிய ரீமால் புயலும் வங்கக் கடலில்தான் உருவானது.

சிவகாசிக்கு இந்தத் தொழில் வந்ததற்கே மழை குறைவு ஒரு காரணம். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். வெள்ளாமை பொய்த்த வறண்ட பூமியில், காயப்போட வெயில் இருந்தது, வேலைக்குக் காத்திருந்த கைகளும் இருந்தன. இன்றைக்கும் திரி, குழாய், மணிமருந்து, முக்கிய மத்தாப்பு எல்லாம் வெயிலை நம்பித்தான். தீபாவளிச் சரக்குக்கு வேலை மும்முரமாக நடக்கும் மாதங்களில் மழை வந்தால், நமக்குத்தான் முதலில் கூலி போகும். பீஸ் கணக்கில் வேலை பார்ப்பவருக்கு லீவுக் கூலி ஏது?

ஆபத்தும் இருக்கிறது. அலுமினியப் பவுடர் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால், உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானாகத் தீப்பிடிக்கலாம். நனைந்த மருந்தைத் தொடாதீர்கள். "காஞ்சிரும், விடு" என்று மறுபடி பரப்பாதீர்கள், போர்மேனிடம் சொல்லுங்கள். இடி மின்னல் வரும்போது வேலையை நிறுத்தி, எல்லாரும் மருந்து அறைகளை விட்டு விலகிப் போக வேண்டும் என்பது வெடிபொருள் விதி. அது ஆலைக்காரர் காட்டும் சலுகை இல்லை. வெளியே வந்து புளியமரத்தடியில் நிற்கவும் கூடாது.

சரி, நிலத்துக்கு என்ன லாபம்? சித்திரைப் புழுதியைப் பத்தரை மாத்துத் தங்கம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. ஒரு நல்ல மழை பெய்ததும் கோடை உழவு போட்டால் மண் பொலபொலவென்று ஆகும், அடுத்த மழைத் தண்ணி உள்ளே இறங்கும். மக்காச்சோளத்தை நாசம் பண்ணும் படைப்புழுவின் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலிலும் கொக்குக்கும் போய்விடும். ஆனால் எல்லாருக்கும் லாபமில்லை. ராஜபாளையம், சேத்தூர் பக்கம் மாங்காய் உதிரும். செங்கல் சூளையில் பச்சைக்கல் கரையும். கண்மாயில் தண்ணி நின்றுவிட்டால் வண்டல் மண் அள்ளவும் முடியாது.

வெள்ளம் என்றால் வேற கதை. நம் மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதே சராசரி 80 செ.மீ. சொச்சம். 2023 டிசம்பரில் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது! கோடையிலும் வெள்ளம் வரும். 2015 மே மாதம் சதுரகிரி மலைக்கு அமாவாசைக்குப் போனவர்களில் பலர் ஓடை வெள்ளத்தில் இறந்தார்கள். மலையில் பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே ஓடையில் தண்ணி வந்துவிடும். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் காய்ந்து கிடப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது மறந்துவிடுகிறது. வரத்து ஓடையில் சீமைக்கருவேலை வளரவிட்டால், கண்மாய்க்குப் போக வேண்டிய தண்ணி தெருவுக்குத்தான் வரும்.

மின்னலிலோ வெள்ளத்திலோ மாடு ஆடு செத்தால், புதைப்பதற்கு முன்பே வி.ஏ.ஓ.விடமும் கால்நடை மருத்துவரிடமும் சொல்லிப் போட்டோ எடுத்து வையுங்கள். 2023 வெள்ளத்தின்போது பசு, எருமைக்கு 37,500 ரூபாயும் ஆட்டுக்கு 4,000 ரூபாயும் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. சான்று இல்லாமல் கேட்டு வாங்குவது ரொம்பக் கஷ்டம்.

இனி நாங்கள் சொல்ல வந்த விஷயம். நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாள் மழை என்றால் 4,000 ரூபாய் போச்சு. தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். கூட்டத்தில் "ஏன் கட்டலை?" என்று நாலு பேர் முன்னால் கேட்டால், அந்த அக்கா என்ன செய்வார்? இடி இடித்தாலும் வேலைக்குப் போவார். இல்லையென்றால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கருந்திரி சுற்றுவார். வீட்டில் அது செய்வது சட்டப்படி குற்றம். ஒரு பொறி பட்டால் பிள்ளைகளோடு வீடே போகும். நம் குழு கொடுக்கும் நெருக்கடி அவரை அங்கே தள்ளினால், அதில் நமக்கும் பங்கு இருக்கிறது. இதைச் சொல்ல எங்களுக்கே வருத்தமாகத்தான் இருக்கிறது. வசூல் நூறு சதவீதம் என்று பெருமை பேசியவர்கள் நாங்களும்தான்.

அதனால் கோடை பிறக்கும் முன்பே, பங்குனிக் கூட்டத்தில் பேசி முடித்துவிடுங்கள். மழையால் ஆலை அடைத்திருந்தால் உள்கடன் தவணையை எத்தனை வாரம் தள்ளிவைக்கலாம், அபராதம் உண்டா இல்லையா என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். வங்கிக் கடன் தவணை அப்படித் தானாகத் தள்ளாது. தேதிக்கு முன்பே ஊக்குநரும் பிரதிநிதிகளும் மேலாளரைப் பார்த்துப் பேச வேண்டும். முடிந்த குழுக்கள் சந்தாவோடு வாரம் பத்து ரூபாய் "மழைக்காசு" என்று தனியாகப் பிடிக்கலாம். இருபது பேர் இருந்தால் வருஷத்தில் 10,400 ரூபாய் சேரும். அதிலிருந்து யாருக்கு முதலில் கொடுப்பது என்பதில் சண்டை வரும், நிச்சயம் வரும். புருஷன் இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கும், குடும்பமே ஆலைக்கூலியை நம்பி இருப்பவருக்கும் முதலில் என்று அதையும் அப்போதே எழுதிவிடுங்கள்.