தெஹ்ரானைக் கண்டோர்: பயணிகளின் சொல்லும் அதன் தரமும்

ஸ்ரீபெரும்புதூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஆண்டுதோறும் ஜமாபந்தி நடைபெறுகிறது. அங்கே நிலவரிக் கணக்குகள் பசலி ஆண்டைக் கொண்டே எழுதப்படுகின்றன. 2025 டிசம்பரில் அக்கணக்கின்படி நடந்தது பசலி 1435. அதே நாளில் தெஹ்ரானில் இறங்கிய பயணி ஒருவர், அந்நகரின் நாட்காட்டியில் 1404 என்னும் எண்ணைக் கண்டிருப்பார். நம் பள்ளிவாசல் நாட்காட்டியோ ஹிஜ்ரி 1447 என்றது. மூன்றும் நபிகளாரின் ஹிஜ்ரத்திலிருந்தே தொடங்கியவை. எனினும் மூன்றும் வேறுபடுகின்றன.

இதன் காரணம் எளிது. ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவது. அது சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ பதினொரு நாள்கள் குறைவு. ஈரானியர் கி.பி. 622 முதலே சூரிய ஆண்டுகளாக எண்ணும் முறையை 1925இல் அரசாங்க நாட்காட்டியாக ஏற்றனர். தக்காணத்துப் பசலியோ, ஷாஜகான் காலத்தில், 1636இல், அன்றைய ஹிஜ்ரி எண்ணான 1046ஐ அப்படியே எடுத்துக்கொண்டு, அறுவடைக்கு இசையச் சூரிய ஆண்டாக மாறிற்று. ஆகவே ஆயிரம் ஆண்டுக்காலச் சந்திரக் கணக்கின் மிகுதியான 31 ஆண்டுகள் இன்றும் நம் பசலியில் தங்கியுள்ளன.

பசலி, ஜமாபந்தி, தாசில்தார் என்னும் சொற்கள் பாரசீக ஆட்சிமொழி வழியே நம்மிடம் வந்தவை. சென்னையிலிருந்து ஆர்க்காட்டுக்குச் செல்லும் பெருவழியில் ஸ்ரீபெரும்புதூர் அமைந்துள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபுகளின் அரசவை பாரசீகத்தையே எழுதிற்று. ஆகவே தெஹ்ரான் நமக்கு முற்றிலும் அந்நியமான ஊரன்று. ஆயினும் அந்நகரைப் பற்றி நாம் அறிந்திருப்பது பெரும்பாலும் பிறர் சொல்லக் கேட்டதே. அவ்வாறு கேட்டவற்றை எவ்வாறு எடைபோடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அறிவிப்பாளரின் தரம் பார்த்தே செய்தியை ஏற்பது நம் அறிவு மரபு. பயணியின் சொல்லுக்கும் அம்முறை பொருந்தும். அவர் கண்டதைச் சொல்கிறாரா, கேட்டதைச் சொல்கிறாரா? எந்த ஆண்டில் கண்டார்? அவ்வூர் மக்களின் பேச்சையும் பழக்கத்தையும் எவ்வளவு அறிந்திருந்தார்? இம்மூன்றையும் நாம் கேட்டாக வேண்டும்.

முதல் வினாவுக்குச் சான்று, பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாபெரும் புவியியல் அகராதியைத் தொகுத்த யாகூத் அல்ஹமவீ. ரய் நகரை அடுத்த சிற்றூராகத் தெஹ்ரானை அவர் குறிப்பிடுகிறார். அங்கு வீடுகள் நிலத்துக்கடியில் அமைந்தவை. ஊர் பன்னிரண்டு பிரிவுகளாகப் பிரிந்து ஒன்றோடொன்று பகைத்து நின்றது என்கிறார். ஆனால் இச்செய்தியை ரய் நகரத்தார் ஒருவர் தமக்குச் சொன்னதாக அவரே பதிவு செய்கிறார். அண்டை ஊரார் சொல்லில் அண்டை ஊராரின் மனமும் கலந்திருக்கக் கூடும். கேட்டதைக் கேட்டது என்றே எழுதிய நேர்மைதான் யாகூத்தின் பெருமை.

இரண்டாம் வினா காலத்தைப் பற்றியது. 1404இல் தைமூரின் அவைக்குச் சென்ற ஸ்பானியத் தூதர் கிளாவிகோ, மதிலற்ற, வளமான, ஆனால் உடல்நலத்துக்கு ஒவ்வாத ஊராகத் தெஹ்ரானைக் கண்டார். அவர் கண்டது கோடைக்காலத்தில். 1618இல் வந்த இத்தாலியர் பியெத்ரோ தெல்லா வல்லேயின் கண்ணில் பட்டவை சினார் மரங்களும் தோட்டங்களுமே. ஆகா முஹம்மத் கான் 1786இல் அதைத் தலைநகராக்கிய பின்னரே இன்றைய மாநகரம் வளரத் தொடங்கிற்று. ஒரே ஊரைப் பற்றிய இச்சொற்கள் முரண்படவில்லை. ஒவ்வொன்றும் தன் காலத்துக்கு உண்மை. அண்மைக் காலத்துக்கும் இது பொருந்தும். 2022 செப்டம்பரில் மஹ்சா அமீனியின் மரணத்தைத் தொடர்ந்து எழுந்த போராட்டங்களுக்கு முன் சென்றவரும் பின் சென்றவரும் ஒரே தெருவை ஒரே மாதிரி வருணிக்க இயலாது. ஆண்டு குறிக்கப்படாத பயணக் குறிப்பு, தேதியிடாத மருந்துச் சீட்டைப் போன்றது.

மூன்றாவது வினாவே மிக நுட்பமானது. 1932இல் ரெசா ஷாவின் அழைப்பை ஏற்று, எழுபது வயது கடந்த தாகூர் விமானமேறி ஈரானுக்குச் சென்றார். தம் பிறந்த நாளைத் தெஹ்ரானில் கழித்தார். அப்பயணத்தை வங்காளியில் நூலாக்கினார். அவருடைய தந்தை ஹாபிஸின் கவிதைகளில் தோய்ந்தவர் என்பது அறியப்பட்ட செய்தி. ஆகவே தாகூர் அங்கு அந்நியராகச் செல்லவில்லை. மாறாக, தம் கவிதையின் பெரும்பகுதியைப் பாரசீகத்திலேயே யாத்த இக்பால், ஈரான் மண்ணை ஒருமுறையும் மிதித்தாரில்லை. நூலால் அறிந்தவர் ஒருவர். நூலாலும் காலாலும் அறிந்தவர் மற்றவர்.

மொழியறிவு என்பது சொற்களை அறிவது மட்டுமன்று. தெஹ்ரான் செல்வோர் பலரும் வியந்து கூறுவது ‘தஆருஃப்’ என்னும் உபசார வழக்கு. கடைக்காரரிடம் விலை கேட்டால், இது உங்களுக்கு ஈடாகாது, விலை வேண்டாம் என்னும் பொருள்பட ‘காபேல் நதாரே’ என்பார். அதை மெய்யென நம்பிப் பொருளோடு வெளியேறுபவர் பெரும் பிழை செய்தவராவார். மறுத்து, மீண்டும் கேட்டு, பணத்தைக் கொடுப்பதே முறை. விருந்துக்குச் சென்ற வீட்டில் முதற்சோற்றுக்கு ‘போதும்’ என்று சொல்லி, மூன்றாம் முறை வற்புறுத்தியபின் இலையைக் காட்டும் நம்மவர்க்கு இது விளங்காத ஒன்றன்று. ஆனால் இதனை அறியாத பயணி, அம்மக்களைப் பொய்யர் என்றோ அளவற்ற வள்ளல் என்றோ எழுதிவிடுவார். இரண்டும் தவறு.

பணக்கணக்கிலும் இதே இடர்ப்பாடு. அரசாங்க நாணயம் ரியால். மக்கள் வாயில் வழங்குவதோ தோமான். ஒரு தோமான் பத்து ரியால். இதை அறியாதவர் பத்து மடங்கு ஏமாந்ததாகக் கருதிச் சினந்ததுண்டு. 2025 அக்டோபரில் ரியாலிலிருந்து நான்கு சுழியங்களை நீக்கும் சட்டத்தை ஈரான் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பொருளாதாரத் தடைகளால் பன்னாட்டு வங்கி அட்டைகள் செல்லாமற்போக, பயணிகள் கையிருப்புப் பணத்தோடே சென்று வந்தனர்.

நம் வட்டாரத்துக்கும் அந்நகருக்கும் தொழில்வழித் தொடர்பும் உண்டு. 1965இல் மணலியில் சென்னை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனம் உருவானபோது ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம் அதில் பங்குதாரராயிற்று. 1967 முதல் 2005 வரை தெஹ்ரானில் உருவான பேக்கான் மகிழுந்தும், நம் நாட்டு அம்பாசிடரும் ஆங்கிலேய வார்ப்பிலிருந்தே பிறந்தவை. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் மகிழுந்து பொருத்தும் இளைஞர், அந்நகர்த் தொழிலாளரோடு கைத்தொழிலால் உறவினரே.

அவ்விளைஞர்களை எண்ணியே இவ்வளவும் எழுதுகிறோம். 2024 பிப்ரவரியில் இந்தியச் சுற்றுலாப் பயணிகள் விமானவழி வந்தால் விசா இன்றிப் பதினைந்து நாள் தங்கலாம் என ஈரான் அறிவித்தது. இச்சலுகையைத் தரகர்கள் சிலர் தவறாகப் பயன்படுத்தினர். வேலை தருவதாகவோ வேறு நாட்டுக்கு அனுப்புவதாகவோ கூறி அழைத்துச் சென்று, அங்கே கடத்திவைத்துப் பணயப் பணம் கேட்ட நிகழ்வுகள் நேர்ந்தன. அதனால் 2025 நவம்பர் 22 முதல் அச்சலுகை நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் போர் மூண்டபோது இந்திய மாணவர்களையும் பிறரையும் ‘ஆபரேஷன் சிந்து’ என்னும் நடவடிக்கை மூலம் அரசாங்கம் மீட்டுவந்தது. நகரம் அதேதான், அதன் தெருக்களில் நடக்கும் நிலைமைதான் மாறிற்று.

தரகரும் ஒருவகை அறிவிப்பாளரே. கேட்டதைக் கண்டதாகச் சொல்வார். நேற்றைய விதியை இன்றையதாகக் காட்டுவார். மொழியறியாத இளைஞனுக்குத் தாமே மொழியாகிவிடுவார். மேலே சொன்ன மூன்று வினாக்களையும் அவரிடம் கேட்டால் பெரும்பாலும் உண்மை வெளிப்படும். தாம் நேரில் பாராததைப் பாராதது என்றே எழுதிவைத்தார் யாகூத். எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் வீட்டைவிட்டுப் புறப்படும் நம் பிள்ளைகள், தம்மை அழைத்துச் செல்வோரிடம் குறைந்தது அந்த அளவு நேர்மையையாவது கேட்டுப் பெறவேண்டும்.