எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் சுழலும் காந்தச் சுழிகள்!

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்குள் போகும் முன் மோதிரம், செயின், ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். பேஸ்மேக்கர் இருக்கிறதா என்றும் கேட்பார்கள். அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். 1.5 டெஸ்லா ஸ்கேனரின் காந்தப்புலம், பூமியின் காந்தப்புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு அதிகம். இரும்பு சிலிண்டரையே இழுத்துவிடும். ஸ்கேன் நடக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் 'ஆன்'தான்!

எப்படி? காந்தத்தின் கம்பிச்சுருள், மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் இருக்கும் திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்படுகிறது. அந்தக் குளிரில் நியோபியம்-டைட்டானியம் கம்பி 'மீக்கடத்தி' ஆகிவிடும். அதாவது, மின்தடையே இருக்காது. ஒருமுறை ஏற்றிய கரன்ட் சுற்றிக்கொண்டே இருக்கும்.

1911-ல் பாதரசத்தில் இந்த அதிசயத்தைக் கண்டவர் நெதர்லாந்தின் காமர்லிங் ஓன்னஸ். இதை வைத்து பலமான காந்தம் செய்ய ஆசைப்பட்டார். ஆனால், காந்தப்புலம் கொஞ்சம் கூடியதுமே மீக்கடத்தும் தன்மை போய்விட்டது.

இதற்கு வழிகாட்டியது ஒரு சமன்பாடு. சோவியத் விஞ்ஞானிகள் கின்ஸ்பர்க், லாண்டாவ் இருவரும் 1950-ல் எழுதியது. 'இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு கிடைக்கும்' என்ற நேர்க்கணக்கு அதில் செல்லாது. அதனால் எதிர்பாராத விடைகள் ஒளிந்திருக்கும். அப்படியொரு விடையைக் கண்டுபிடித்தார், இளம் விஞ்ஞானி அலெக்சி அப்ரிகோசவ். சில மீக்கடத்திகளுக்குள் காந்தப்புலம் மெல்லிய நூல்களாக நுழையும். ஒவ்வொரு நூலையும் சுற்றி, ஆற்றுச் சுழிபோல கரன்ட் சுழலும். சுழிகளுக்கு வெளியே மீக்கடத்தும் தன்மை அப்படியே இருக்கும்!

லாண்டாவ் இதை ஏற்கவில்லை. 1953-ல் போட்ட கணக்கு மேஜை டிராயரில் தூங்கியது; 1957-ல்தான் வெளியானது. 1967-ல் ஜெர்மனியில் அந்தச் சுழிகளின் வரிசையைப் படமே எடுத்துக் காட்டினார்கள். 2003-ல் அப்ரிகோசவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால், சுழிகள் நகர்ந்தால் வெப்பம் உண்டாகும், மின்தடை வந்துவிடும். அவற்றை அசையாமல் நிறுத்த வேண்டும். அதற்கு உதவுவது எது தெரியுமா? உலோகத்தில் இருக்கும் குறைகள்! கம்பியைச் சூடேற்றி, இழுத்து, உள்ளே நுண்ணிய டைட்டானியத் துணுக்குகள் உருவாகும்படி வேண்டுமென்றே செய்கிறார்கள். சுழிகள் அவற்றில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். குறையே இல்லாத கம்பியைவிட, இந்தக் கம்பிதான் மிக அதிக கரன்ட்டைத் தாங்கும்.

கத்தி வைக்காமல் டாக்டர் நம் மூளையையும் முதுகுத்தண்டையும் பார்க்க முடிவது, டிராயரில் கிடந்த அந்தக் கணக்காலும், கம்பிக்குள் விட்டுவைத்த அந்தக் குறைகளாலும்தான்.