புலி பதுங்கிய பன்னிரண்டாவது குழி

மொத்தமே 155 கஜம்தான். நம்ம எக்ஸ்பிரஸ் ரயிலில் ஆறேழு பெட்டி நீளம். நடுவே ஒரு சின்ன ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் பாய் விரித்த மாதிரி ஒரு புல்தரை. அதில் ஒரு குழி, ஒரு கொடி. இந்தத் துக்கடா தூரத்தைத் தாண்டிப் பந்தைப் போட முடியாமல் உலகமகா சூரர்கள் எல்லாம் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். 1980-ல் டாம் வைஸ்காஃப், பிரிட்டிஷ் ஓப்பனையே ஜெயித்த மனிதர், மூன்று அடியில் முடிக்க வேண்டிய இந்தக் குழிக்கு எடுத்துக்கொண்டது பதிமூன்று அடி! ஐந்து பந்துகள் ஓடைக்கு மொய்.

அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிறது அகஸ்டா நேஷனல் கோல்ஃப் கிளப். அதன் பன்னிரண்டாவது குழியைத்தான் சொல்கிறேன்.

‘கோல்ஃபா? அது கோடீஸ்வரர் சமாச்சாரம் சார், நாம கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற ஜாதி’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எனக்கும் கோல்ஃப் மட்டைக்கும் உள்ள உறவு, அண்ணா சாலையில் பஸ் போகும்போது நந்தனம் பக்கம் தெரிகிற பச்சையை ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதோடு சரி. பி.காம். படித்தவன் நான். இந்த ஆட்டத்தை விளையாட்டாகப் பார்ப்பதில்லை, கணக்காகப் பார்க்கிறேன். டெபிட், கிரெடிட், ரிஸ்க் எல்லாம் இதில் இருக்கிறது.

முதலில் அரிச்சுவடி. ஒரு மைதானத்தில் 18 குழி. ஒவ்வொன்றுக்கும் ‘இத்தனை அடியில் முடிக்கலாம்’ என்று ஒரு பட்ஜெட் உண்டு. அதுதான் ‘பார்’. தூரத்தைப் பொறுத்து மூன்று, நான்கு அல்லது ஐந்து. பட்ஜெட்டுக்கு ஒன்று குறைவாக முடித்தால் பேர்டி. இரண்டு குறைவென்றால் ஈகிள். ஒன்று கூடிவிட்டால் போகி. நாலு நாள் ஆட்டம், 72 குழி. மொத்தத்தில் யார் குறைவாகச் செலவழித்தாரோ அவருக்கே மாலை. நம் வீட்டுக் குடும்பத்தலைவிகள் மாதாமாதம் ஆடுகிற ஆட்டம்தான்!

ஆட்டக்காரருக்குப் பை தூக்கி, தூரம் அளந்து, காற்று பார்த்து யோசனை சொல்பவர் பெயர் ‘கேடி’. போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ ஒட்டுகிற கேடி அல்ல. ரொம்ப மரியாதைக்குரிய உத்தியோகம்.

டாக்டர் வைத்த கண்ணி

அகஸ்டா மைதானம் ஒரு காலத்தில் செடி வளர்க்கும் நர்சரி. இன்றைக்கும் ஒவ்வொரு குழிக்கும் ஒரு செடி அல்லது மரத்தின் பெயர்தான். இதில் உறுப்பினராக விண்ணப்பம் போட முடியாது; அவர்களே கூப்பிட வேண்டும். ஐ.ஏ.எஸ்.ஸையாவது எழுதிப் பாஸ் பண்ணிவிடலாம்!

வடிவமைத்தவர்கள் இருவர். ஒருவர் கோல்ஃப் மேதை பாபி ஜோன்ஸ். மற்றவர் அலிஸ்டர் மெக்கன்ஸி. இவர் படித்தது டாக்டருக்கு. போயர் யுத்தத்தில், ஆட்கள் எப்படி மறைந்திருந்து தாக்குகிறார்கள் என்பதைப் பாடமாகவே கவனித்தவர். அந்தப் புத்தியை அப்படியே மைதானத்தில் இறக்கிவிட்டார். பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். ஆசை காட்டும். நெருங்கினால் காலை வாரும். 1934 மார்ச்சில் இங்கே முதல் போட்டி நடந்தபோது, பாவம், அதைப் பார்க்க மெக்கன்ஸி உயிரோடில்லை.

பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று. இந்த மூன்று குழிகளும் சேர்கிற மூலைக்கு ‘ஆமென் கார்னர்’ என்று பெயர். 1958-ல் ஹெர்பர்ட் வாரன் விண்ட் என்ற பத்திரிகையாளர் வைத்தது. சாமியை வேண்டிக்கொண்டு நுழைய வேண்டிய இடம் என்று நாம் அர்த்தம் பண்ணிக்கொள்ளலாம்.

பதினொன்று: வேண்டுமென்றே தவறவிடு!

நீளமான குழி, 2022-ல் இன்னும் இழுத்து 520 கஜம் ஆக்கிவிட்டார்கள். பார் நான்கு. குழி இருக்கும் புல்தரைக்கு (அதற்குக் ‘கிரீன்’ என்று பெயர்) இடதுபுறம் ஒரு குளம்.

இரண்டு தடவை இங்கே பட்டம் வென்ற பென் ஹோகன் ஒரு வேடிக்கையான கொள்கை வைத்திருந்தார். இரண்டாவது அடியில் என் பந்து அந்தக் கிரீனில் நின்றால், நான் தப்பாக அடித்துவிட்டேன் என்று அர்த்தம் என்பாராம். அதாவது அவர் குறிவைத்ததே கிரீனுக்கு வலதுபக்கம். அங்கிருந்து மெதுவாகத் தட்டிவிட்டு நாலில் முடிப்பார். குளம் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார்.

அந்த வலதுபக்கத்தில் வேறொரு அதிசயமும் நடந்தது. 1987-ல் கிரெக் நார்மனும் லாரி மைஸும் சரிசமம். டை-பிரேக்கர். பதினொன்றில் மைஸின் பந்து கிரீனுக்கு வலதுபுறம், குழிக்குச் சுமார் 140 அடி தள்ளிப் போய் விழுந்தது. நார்மனுக்குப் பிரச்னையே இல்லை. ஜனம் அப்படித்தான் நினைத்தது. மைஸ் தட்டினார். பந்து உருண்டு உருண்டு வந்து குழிக்குள் ‘டபக்’! சிறு வயதில் இதே மைதானத்தில் ஸ்கோர் போர்டு வேலை பார்த்த உள்ளூர்ப் பையன் அவர்.

பன்னிரண்டு: கொடியைப் பார்க்காதே!

கிரீன் அகலமாக இருக்கிறது, ஆனால் ஆழம் இல்லை. சில இடங்களில் பத்து கஜம்தான் தேறும். முன்னால் ஓடை, ஒரு மணல் பள்ளம். பின்னால் இரண்டு மணல் பள்ளம். அதுவும் கிரீன் நேராக இல்லை, கோணலாகப் படுத்திருக்கிறது. வலது ஓரம் இடது ஓரத்தைவிடத் தூரம். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை கொடியை வழக்கமாக வலது ஓரத்தில்தான் நடுவார்கள். மரங்களுக்கு இடையே காற்று வேறு சுற்றிச் சுற்றி அடிக்கும். பதினொன்றில் கொடி ஒரு பக்கம் ஆடும். பன்னிரண்டில் வேறு பக்கம்.

வலதுகை ஆட்டக்காரர் கொஞ்சம் பிசகினால் பந்து வலதுபக்கமாகப் போய்க் குறைவாக விழும். அங்கேதான் ஓடை காத்திருக்கிறது! வழி ஒன்றே: முன்னால் இருக்கும் மணல் பள்ளத்துக்கு நேர் மேலே, கிரீன் நடுவில் அடி. மூன்றில் முடித்துக்கொண்டு நடையைக் கட்டு.

2016-ல் ஜோர்டன் ஸ்பீத்துக்கு 22 வயது. முந்தைய வருஷச் சாம்பியன். கடைசி நாள் பாதி ஆட்டம் முடிந்தபோது ஐந்து அடி முன்னிலை. பத்திலும் பதினொன்றிலும் தலா ஒன்று போனது. பன்னிரண்டில் முதல் பந்து வலதுபக்கம், தண்ணீர். அடுத்தது அதைவிட மோசம், மறுபடி தண்ணீர். மூன்று அடி பட்ஜெட்டில் ஏழு செலவு! பட்டம் டேனி வில்லெட்டுக்குப் போனது.

இப்போது 2019-க்கு வாருங்கள். மழை பயத்தில் கடைசி நாள் ஆட்டத்தைக் காலையிலேயே தொடங்கிவிட்டார்கள். பதினொன்று முடிந்தபோது பிரான்செஸ்கோ மொலினாரி இரண்டு அடி முன்னால். பின்னால் 43 வயது டைகர் உட்ஸ். பெரிய பட்டம் எதுவும் வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. மொலினாரியின் பந்து ஓடையில். டோனி ஃபினாவின் பந்தும் ஓடையில். டைகர் என்ன செய்தார்? கொடியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மணல் பள்ளத்துக்கு மேலே, நட்டநடு கிரீன். மூன்றில் முடித்தார். ஒரே குழியில் இரண்டு அடி வித்தியாசம் காலி! கடைசியில் பச்சைக் கோட்டு அவருக்கு. புலி பதுங்குவது பாய்வதற்குத்தானே!

லே-ஆஃப் அல்ல, லே-அப்

பதிமூன்றும் பதினைந்தும் பார் ஐந்து. இரண்டிலும் கிரீனுக்கு முன்னால் தண்ணீர். இங்கேதான் ஆசை வரும். இரண்டாவது அடியிலேயே கிரீனைப் பிடித்தால் ஈகிள் அடிக்கலாமே! வேண்டாம் என்று தண்ணீருக்கு முன்னாலேயே பந்தை நிறுத்தி, மூன்றாவது அடியில் தாண்டுவதற்கு ‘லே-அப்’ என்று பெயர். ஆபீஸில் எல்லோரும் பயப்படுகிற லே-ஆஃப் இல்லை!

பாய்ந்தவர் கதை: 2010, கடைசி நாள், பதிமூன்று. ஃபில் மிக்கெல்சனின் பந்து மரங்களுக்கு நடுவே, பைன் சருகு மேல். முன்னால் 207 கஜம். இரண்டு மரத்துக்கு இடையே உள்ள சந்து வழியாக அடித்தார். பந்து குழிக்குப் பக்கத்தில் சில அடி தூரத்தில் நின்றது. உலகமே கைதட்டியது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சில அடியைத் தவறவிட்டு நாலில்தான் முடித்தார். லே-அப் செய்தவன் ஒழுங்காக ஆடினாலும் அதே நாலுதான்! கைதட்டலைப் பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதுவது?

பதுங்கியவர் கதை: 2007. ஜாக் ஜான்சன். பந்தை ரொம்பத் தூரம் அடிக்க வராது. கிட்டே இருந்து துல்லியமாகப் போட வரும். நாலு நாளில் பார் ஐந்து குழிகள் மொத்தம் 16. பதினாறிலும் லே-அப்! ஒன்றில்கூட ஆசைப்படவில்லை. பதினொன்றில் பேர்டி, ஐந்தில் பார். அதாவது 11 அடி மிச்சம். மீதி 56 குழிகளில் அவருக்கு 12 அடி நஷ்டம். மொத்தத்தில் ஒரே ஒரு அடி கூடுதல், 289. அதுவே ஜெயித்தது; டைகர் இரண்டு அடி பின்னால்!

‘ஆஹா, பதுங்குவதே உத்தமம்’ என்று எழுந்துவிடாதீர்கள். 1993. பதினைந்தாவது குழி. சிப் பெக், லாங்கரைவிட மூன்று அடி பின்தங்கி இருக்கிறார். மிச்சம் இருப்பதோ அதையும் சேர்த்து நாலே குழி. அவரும் லே-அப் செய்தார். கிடைத்தது வெறும் பார். இரண்டாவது இடம். ‘தோற்றுக்கொண்டிருப்பவன் எதைக் காப்பாற்றப் பதுங்கினான்?’ என்று வருஷக்கணக்கில் பேசினார்கள்.

செயல் ஒன்றுதான். கணக்குத்தான் வேறு.

சித்தி பையன் கேட்ட கேள்வி

போன மாதம் என் சித்தி பையன் வந்தான். கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை. “அண்ணே, சேமிப்பு மொத்தத்தையும் எடுத்து, மேல கொஞ்சம் லோனும் போட்டு, எஃப் அண்ட் ஓ-ல இறங்கலாம்னு இருக்கேன். ஒரே அடி... லைஃப் செட்டில்!” சித்தப்பா ரிடையர் ஆகிவிட்டார். தங்கச்சிக்கு வரன் பார்க்கிறார்கள்.

பன்னிரண்டாவது குழியைப் பற்றிச் சொல்லிவிட்டு மூன்று கேள்வி கேட்டேன். “உன் ஸ்கோர் இப்ப என்ன? முன்னால இருக்கியா, பின்னாலயா? உனக்கு எந்த அடி நல்லா வரும்? பிசகினா பந்து எங்க விழும்? மணல்ல விழுந்தா எடுத்து ஆடலாம்டா. தண்ணீர்ல விழுந்தா?”

“நீங்க மட்டும் வேலைய விட்டுட்டு எழுத வந்தீங்களே அண்ணே?” என்று மடக்கினான். நியாயமான கேள்வி. இரண்டு வருஷச் சாப்பாட்டுக்குப் பணம் சேர்த்து வைத்துவிட்டுத்தான் ராஜினாமா கடிதம் கொடுத்தேன் என்றேன். அதுவும் ஒரு லே-அப்தான். யோசிக்கிறேன் என்று போனான். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

அவனிடம் சொல்ல விட்டுப்போன ஒன்று உண்டு. 2020 போட்டி, கொரோனாவால் நவம்பரில் நடந்தது. அதே டைகர், அதே பன்னிரண்டு. மூன்று பந்து தண்ணீரில்! மூன்றுக்குப் பத்து. நடப்புச் சாம்பியன், உலகமே பார்க்கிறது. ஜெயிக்கிற வாய்ப்பு அதற்கு முன்பே போய்விட்டது. மனுஷன் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. மிச்சமிருந்த ஆறு குழியில் ஐந்தில் பேர்டி அடித்தார்.

அடுத்த ஏப்ரலில் டி.வி.யில் பாருங்கள். அங்கே ஞாயிறு சாயங்காலம், நமக்குத் திங்கள் விடியற்காலை. பன்னிரண்டு வந்ததும் கொடியை விட்டுவிட்டு, யார் மணல் பள்ளத்துக்கு மேலே அடிக்கிறார் என்று கவனியுங்கள். காலையில் ஆபீஸில் தூங்கி மானேஜரிடம் மாட்டிக்கொண்டால்... என் பேரை மட்டும் சொல்லாதீர்கள், சார்!