கடைப் பூனைக்கும் வயதாகிறது

வழமையாக இந்தப் பத்தியில் கடன், காசோலை, கொள்முதல் என்றுதான் எழுதுவேன். இந்த வாரம் ஒரு பூனையைப் பற்றி எழுதப் போகிறேன். வாசகர்கள் சிரிக்க வேண்டாம். அரிசியும் பருப்பும் விற்பவனுக்குப் பூனை என்பது சம்பளம் கேட்காத காவலாளி. எலி கடித்துச் சிந்தும் அரிசி கொஞ்சம்தான். அதன் சிறுநீரால் பழுதாகும் மூடைகளும் எலிக்காய்ச்சல் பயமும்தான் பெரிய நட்டம்.

எங்கள் கடைப் பூனையின் பெயர் சீனி. குட்டியாக வந்த நாளில் சீனி மூடையின் மேல் படுத்துக் கிடந்ததால் வந்த பெயர். இப்போது அதற்கு 14 வயது. இத்தனை காலமும் அதனால் ஒரு தொல்லையும் இருந்ததில்லை. திடீரென்று சில மாதங்களுக்கு முன் குணம் மாறியது. மச்சில் அதற்கென்று மண் பெட்டி இருக்க, கீழே அரிசி மூடைகளின் ஓரத்தில் சிறுநீர் கழித்தது. இரவில் கத்தியது. தூக்கப் போனால் சீறியது. ஒரே மாதத்தில் 3 மூடைகளை ஒதுக்க வேண்டி வந்தது. வாடிக்கையாளர்களுக்கு முன்னால் நாற்றம் வேறு.

"வாப்பா, இதை மீன் சந்தைப் பக்கம் விட்டுட்டு வேற குட்டியொண்டு கொண்டு வருவம்" என்றான் மகன். நானும் சரியென்றேன். சாக்குக்கூட எடுத்து வைத்தாயிற்று.

அன்று மாலை, கடையில் இரவு தங்கும் நாட்டாமி ஒருவர் என்னிடம் வந்தார். "மொதலாளி, அது வேணுமெண்டு செய்யல்ல. மச்சுப் படியில பாதி ஏறி நிண்டுட்டுத் திரும்புது. தண்ணியும் சட்டி சட்டியாக் குடிக்குது" என்றார். வருடா வருடம் ஐந்தொகை பார்க்கும் எனக்குப் படாதது, மூடை சுமப்பவரின் கண்ணில் பட்டிருக்கிறது.

மறுநாள் சீனியை மிருக வைத்தியரிடம் கொண்டு போனோம். கால்களைத் தொட்டுப் பார்த்தார். இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கச் சொன்னார். இரண்டு காரணங்கள் தெரிய வந்தன. ஒன்று மூட்டுத் தேய்வு. படியேற வலிப்பதால் மச்சுக்குப் போகவில்லை. தூக்கினால் வலிப்பதால் சீறியது. 2002இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தபோது 90 பூனைகளுக்கு இந்தத் தேய்வு இருந்ததாம். பூனை நொண்டிக் காட்டுவது குறைவு. பாய்வதை நிறுத்தும், ஒதுங்கிப் படுக்கும், அவ்வளவுதான்.

மற்றது சிறுநீரக நோய். சிறுநீரகத்தின் வேலைத் திறனில் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் அதிக தாகமும் அதிக சிறுநீரும் வெளியே தெரியும். முதல் கரைந்த பிறகும் வழமைபோலக் கதவு திறக்கும் கடை மாதிரி.

பூனை வளர்ப்போர் வேறு சிலவற்றையும் கவனிக்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தால் தைரொயிட் சுரப்பியின் கோளாறாகவோ நீரிழிவாகவோ இருக்கலாம். சாப்பாட்டுக்கு ஓடி வந்து முகர்ந்துவிட்டு விலகினால் வாயைப் பார்க்க வேண்டும். பல் வலியாக இருக்கலாம். திடீரென்று பொருட்களில் மோதினால் உயர் இரத்த அழுத்தம் கண்ணைப் பாதித்திருக்கலாம். அதற்குத் தாமதிக்கக் கூடாது. பழகிய இடத்திலேயே தடுமாறி இரவில் கத்துவது முதுமையின் மூளைத் தளர்ச்சியாகவும் இருக்கும். ஆனால் மற்ற நோய்கள் இல்லையென்று உறுதியான பிறகே அப்படி முடிவு செய்ய வேண்டும். ஒரு முக்கிய எச்சரிக்கை: வலிக்கிறதே என்று இரக்கப்பட்டு பனடோல் கொடுத்து விடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு. உயிரையே எடுத்து விடும்.

நாங்கள் செய்தது பெரிய காரியமல்ல. மண் பெட்டியைக் கீழே கொண்டு வந்து, உள்ளே கால் வைக்க வசதியாக முன்பக்கத்தைத் தாழ்வாக வெட்டினோம். தண்ணீர்ச் சட்டியை இரண்டு இடத்தில் வைத்தோம். இரவில் ஒரு சிறிய பல்ப் எரிகிறது. வைத்தியர் சொன்ன மருந்தும் உணவும் கொடுக்கிறோம். அதன் பிறகு ஒரு மூடையும் பழுதாகவில்லை. மொத்தச் செலவு, ஒதுக்கிய 3 மூடைகளின் விலைக்கும் குறைவு. எலிக்குக் கூடு வைத்திருக்கிறோம். நஞ்சு வைப்பதில்லை, நஞ்சு தின்ற எலியைத் தின்றால் பூனையும் போய்விடும்.

சிறுநீரக நோய் முற்றாகச் சுகமாகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இருக்கும் காலத்தை வலியில்லாமல் கழிக்கலாம். சீனி இப்போது என் மேசையடியில் படுத்திருக்கிறது. எலி பிடிப்பதில்லை.

வியாபார நண்பர்களே, தளபாடங்களுக்குப் பெறுமானத் தேய்வு போட்டுக் கழித்து விடுகிறோம். உயிருள்ளவற்றுக்கு அந்தக் கணக்கு சரிவராது. உங்கள் கடையில் பல வருடம் உழைத்த ஒருவர் திடீரென்று பிந்தி வந்தாலோ எரிந்து விழுந்தாலோ, கணக்கு முடிக்கும் முன் என்ன நடந்ததென்று ஒரு தடவை விசாரியுங்கள். நானும் அன்று விசாரிக்காமல்தான் சாக்கை எடுத்தேன்.