இயற்கை முறையில் புறக்கடை நாட்டுக்கோழி வளர்ப்பு

புறக்கடைக் கோழி வளர்ப்பு என்பது வீட்டின் கொல்லையிலோ தோட்டத்திலோ சில நாட்டுக்கோழிகளைப் பகலில் மேயவிட்டு, இரவில் கூட்டில் அடைத்து வளர்க்கும் முறையாகும். ஒரு சேவலும் பத்துக்கு மேற்படாத பெட்டைகளும் கொண்டதே சிறு மந்தை எனப்படும். மருந்து கலந்த தீவனத்தையும் தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லிகளையும் தவிர்த்து, மேய்ச்சல், தானியம், மூலிகை, தூய்மை ஆகியவற்றைக் கொண்டு வளர்ப்பதை இயற்கை முறை என்கிறோம். தடுப்பூசியையும் தவிர்க்க வேண்டும் என்பது இதன் பொருளன்று.

திருத்தணி வட்டாரம்

சேவலைக் கொடியாகக் கொண்ட முருகனின் ஐந்தாம் படைவீடு திருத்தணி. இவ்வூர் 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரப் பிரதேசத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசப்படும் ஊர் என்பதால், சந்தையில் 'நாட்டுக்கோழி' என்பதையும் 'நாட்டுக் கோடி' என்பதையும் கேட்கலாம். நெல்லும் வேர்க்கடலையும் விளையும் பகுதியாதலால் நொய், தவிடு, பிண்ணாக்கு ஆகியவை எளிதில் கிடைக்கும். கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது இங்கு வழக்கம். கோழி வளர்ப்போர் இதை மனத்திற்கொள்ள வேண்டும்.

இனத் தேர்வு

சிறுவிடை, பெருவிடை, கழுத்தில் இறகில்லாத கழுத்தறுத்தான் கோழி ஆகியவை தமிழ்நாட்டில் அறியப்பட்ட வகைகள். ஆந்திரப் பக்கம் புகழ்பெற்ற அசில் இனம் உடல் பருத்தது, சண்டைக் குணம் உள்ளது, முட்டை குறைவாக இடுவது. வீட்டுத் தேவைக்கு முட்டையும் குஞ்சும் வேண்டுவோர்க்குச் சிறுவிடை ஏற்றது. அது நன்கு அடைகாக்கும், குஞ்சுகளைப் பருந்திடமிருந்தும் காகத்திடமிருந்தும் காக்கும். நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகள் இடும். பண்ணை முட்டைக்கோழி 300 முட்டைகள் வரை இடும். ஆனால் பண்ணைக்கோழிக்கு அடைகாக்கும் இயல்பு ஏறக்குறைய அற்றுவிட்டது.

கூடும் வெப்பமும்

இரவுக் கூட்டில் கோழிக்கு ஒரு சதுர அடிக்குக் குறையாத இடம் வேண்டும். கூடு தரையிலிருந்து உயர்ந்தும், கீரி, பூனை, பாம்பு நுழையாதவாறும் இருத்தல் நலம். குஞ்சுகளுக்குப் பஞ்சாரம் போதும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. அது வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடல் வெப்பத்தைத் தணிக்கிறது. ஆகவே கத்திரி வெயில் காலத்தில் மரநிழலும் மண்சட்டியில் குளிர்ந்த நீரும் கட்டாயம் வேண்டும். தீவனத்தைக் காலையிலும் மாலையிலும் மட்டும் தரலாம்.

தீவனம்

முழுத் தீவனத்தில் வளரும் முட்டைக்கோழி நாளுக்கு 100 முதல் 120 கிராம் உண்ணும். நன்கு மேயும் கோழிக்கு அதில் பாதி தந்தாலே போதும். நொய், கம்பு, கேழ்வரகு ஆகியவை மாவுச்சத்தைத் தரும். புரதத்துக்குக் கரையான் சிறந்தது. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை, மட்டை ஆகியவற்றைத் திணித்து, நீர் தெளித்து, கரையான் நடமாட்டமுள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைக்க வேண்டும். மறுநாள் காலை சேர்ந்திருக்கும் கரையானைக் குஞ்சுகளுக்குக் கொட்டலாம். முருங்கைக்கீரையும் அசோலாவும் பசுந்தீவனமாகும். முட்டையோட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டு. ஆதலால் பெட்டைகளுக்குக் கிளிஞ்சல் தூள் தேவை.

வேர்க்கடலைப் பிண்ணாக்கில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஈரத்தில் பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உருவாகும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. அவற்றுக்குத் தந்த பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று பின்னர் தெரியவந்தது. இந்த நஞ்சு முதலில் கல்லீரலைக் கெடுக்கும், காய்ச்சினாலும் எளிதில் அழியாது. சிக்கு வாடை அடிக்கும் பிண்ணாக்கை வெயிலில் காயவைத்துத் தருவது பயனற்றது. அதை எறிந்துவிட வேண்டும்.

அடைவைத்தல்

பெட்டை கூட்டைவிட்டு எழாமல் உறுமத் தொடங்கினால் அடைக்கு வந்துவிட்டது எனலாம். ஒரு வாரத்துக்குள் இட்ட, சுத்தமான, நடுத்தர அளவுள்ள 10 முதல் 12 முட்டைகளை மணல் அல்லது வைக்கோல் பரப்பிய கூடையில் வைக்க வேண்டும். இடி இடித்தால் முட்டை கெடும் என்று கரித்துண்டு, இரும்பு, மிளகாய் வைப்பது பழைய வழக்கம். முட்டைகள் பொரிப்பதற்கு உதவுவது சீரான சூடும் ஈரமுமே. ஏழாம் நாள் இரவில் கைவிளக்கு ஒளியில் பார்த்தால், கரு வளரும் முட்டையில் சிவந்த நரம்புகள் தெரியும். தெளிவாக இருப்பது கருவில்லாத முட்டை, அதை நீக்கிவிடலாம். 21ஆம் நாள் குஞ்சு பொரியும்.

வெள்ளைக்கழிச்சல்

சிறு மந்தையை ஒரே வாரத்தில் அழிக்கக்கூடிய நோய் இது. நச்சுயிரியால் வரும் இந்நோய், 1927இல் இன்றைய உத்தராகண்டிலுள்ள இராணிக்கெட் என்னும் மலைநகரில் காணப்பட்டதால் இராணிக்கெட் நோய் எனப் பெயர் பெற்றது. பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், மூச்சுத்திணறல், கழுத்துத் திருகல், கால் விளங்காமை ஆகியவை அறிகுறிகள். இதற்கான தடுப்பு மருந்து திருத்தணிக்கு அருகிலேயே, 1932இல் தொடங்கப்பட்ட இராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகிறது. பெயர் ஒலியால் இராணிக்கெட்டையும் இராணிப்பேட்டையையும் ஒன்றெனக் கருதுவோர் உண்டு. அவை வேறு வேறு ஊர்கள்.

குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டும், எட்டாம் வாரத்தில் இறக்கையின் தோலடியில் ஊசியும் போட வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இலவச இருவாரத் தடுப்பூசி முகாம்களை நடத்துகிறது. மருந்தைப் பனிக்கட்டியிட்ட குடுவையில் மட்டுமே எடுத்துச் செல்ல வேண்டும். சூடு பட்டால் அது வீரியம் இழக்கும். நோய் கண்ட பின் இதைக் குணமாக்கும் மருந்து இல்லை. நுண்ணுயிர்க்கொல்லி நச்சுயிரியைக் கொல்லாது. கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றை அரைத்து உருண்டையாகத் தருவது வழக்கத்தில் உள்ளது. அதைத் துணை மருத்துவமாகக் கொள்ளலாமேயன்றித் தடுப்பூசிக்கு மாற்றாகக் கொள்ளக்கூடாது. நாட்டு மருந்தை மட்டும் நம்பியிருந்தால் மந்தை முழுவதையும் இழக்க நேரிடும். பல குடும்பங்களில் கோழி பெண்களின் கைச்சேமிப்பு என்பதால், அந்த இழப்பு பள்ளிக் கட்டணம் வரை எட்டும்.

பிற பராமரிப்பு

பேன், செள்ளுப் போன்ற ஒட்டுண்ணிகளுக்குச் சாம்பலும் மணலும் வேப்பிலைத் தூளும் கலந்த புழுதிக் குழி அமைக்கலாம். கோழிகள் தாமே அதில் புரளும். அம்மைக் கொப்புளங்களின்மேல் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசுவர்.

மனிதர்க்குக் கடைசி மருந்தாகக் கருதப்படும் கோலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளிலும் கோழிகளிலும் பயன்படுத்த இந்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது. நுண்ணுயிர்க்கொல்லியைத் தீவனத்தில் கலந்துவந்தால் அதற்கு அடங்காத கிருமிகள் பெருகும். அவை மனிதரையும் வந்தடையும். மருத்துவர் சொல்லி ஒரு மருந்தைக் கொடுக்க நேர்ந்தால், அவர் குறிப்பிடும் இடைவெளி முடியும்வரை முட்டையையும் இறைச்சியையும் உண்ணவோ விற்கவோ கூடாது.

புதிதாக வாங்கும் கோழியை இரண்டு வாரம் தனியே வைத்த பிறகே மந்தையில் சேர்க்க வேண்டும். பல கோழிகள் திடீரென இறந்தால் அறுத்து உண்ணவோ சந்தைக்கு அனுப்பவோ கூடாது. கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவித்து, அவர்கள் கூறியபடி சுண்ணாம்பு இட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். கூட்டைத் தொட்டவுடன் சோப்பால் கை கழுவும் பழக்கத்தைக் குழந்தைகளுக்கும் கற்பிப்பது நல்லது.