இன்ஜின் நின்றால் விமானம் விழுமா?

வானத்தில் 'கொய்ய்ங்' என்று சத்தம் கேட்டால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடுவீர்கள்தானே? "அவ்வளவு பெரிய விமானம் எப்படி விழாமல் போகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "அதான் இன்ஜின் இருக்கே!" என்று நிறையப் பேர் சொல்வார்கள். சரி, பறந்துகொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுவிட்டால்? 'தொபுக்கடீர்' என்று கல் மாதிரி விழுந்துவிடுமா?

நிஜமாகவே அப்படி ஒரு சம்பவம் நடந்திருக்கிறது. வாருங்கள், பார்க்கலாம்!

41 ஆயிரம் அடி உயரத்தில்...

1983-ம் ஆண்டு ஜூலை 23. கனடா நாட்டில், ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் ஒட்டாவாவிலிருந்து எட்மன்டன் நகருக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே 69 பேர். 41 ஆயிரம் அடி உயரத்தில் 'பீப் பீப்' என்று எச்சரிக்கை ஒலி. கொஞ்ச நேரத்தில் ஒரு இன்ஜின் நின்றது. அடுத்து இன்னொன்றும் நின்றது. காரணம், எரிபொருள் சுத்தமாகத் தீர்ந்துபோயிருந்தது!

காலியாக இருந்தாலே சுமார் 80 டன் எடையுள்ள விமானம் அது. அதாவது, ஏறக்குறைய 20 யானைகளின் எடை! ஆனாலும் அது கல் மாதிரி விழவில்லை. இன்ஜின் இல்லாமலேயே சுமார் 17 நிமிடங்கள் வானத்தில் மிதந்து வந்தது. எப்படி?

இறக்கை செய்யும் வேலை

விமானத்தை மேலே தூக்கிப் பிடிப்பது இன்ஜின் இல்லை, இறக்கைதான். இன்ஜினின் வேலை விமானத்தை முன்னே தள்ளுவது மட்டுமே.

இறக்கையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மேல்புறம் லேசாக வளைந்திருக்கும். பறக்கும்போது அதன் முன்விளிம்பு சற்றே தூக்கியபடி இருக்கும். எதிரே வரும் காற்று இந்த இறக்கையைத் தழுவியபடி ஓடி, பின்பக்கம் வரும்போது கீழ்நோக்கித் திருப்பி விடப்படுகிறது. இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது. பதிலுக்குக் காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. 'ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு' என்று நியூட்டன் சொன்னது இங்கேயும் பொருந்துகிறது, பார்த்தீர்களா?

இதையே இன்னொரு விதமாகவும் சொல்லலாம். இறக்கையின் மேல்புறம் காற்று வேகமாக ஓடுகிறது. அங்கே அழுத்தம் குறைவு. கீழ்ப்புறம் அழுத்தம் அதிகம். இந்த வித்தியாசம்தான் இறக்கையை மேலே தூக்குகிறது. இதற்குப் பெயர் தூக்குவிசை.

ஒரு விஷயம் உஷார்! 'மேலே போகும் காற்றும் கீழே போகும் காற்றும் ஒரே நேரத்தில் பின்விளிம்பில் சந்திக்க வேண்டும். அதனால்தான் மேல் காற்று வேகமாக ஓடுகிறது' என்று சில புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அது சரியல்ல. உண்மையில் மேல் காற்று முந்திக்கொண்டு போய்விடும். கீழ் காற்றுக்காக அது காத்திருப்பதே இல்லை!

செய்து பாருங்கள்

ஒரு கரண்டியின் காம்பு நுனியை இரண்டு விரல்களால் லேசாகப் பிடித்துத் தொங்க விடுங்கள். குழாயைச் சன்னமாகத் திறந்து, கரண்டியின் குவிந்த முதுகை நீரில் மெல்லத் தொட விடுங்கள். நீர் கரண்டியைத் தள்ளிவிடும் என்றுதானே நினைத்தீர்கள்? அதுதான் இல்லை! கரண்டி நீருக்குள் இழுக்கப்படும். நீர் வளைவைத் தழுவி ஒரு பக்கம் திரும்புகிறது. கரண்டி எதிர்ப்பக்கம் நகர்கிறது. இறக்கையிலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

வேகம் தேவை!

நின்றுகொண்டிருக்கும் இறக்கைக்குத் தூக்குவிசை கிடைக்காது. அதன் மேல் காற்று ஓட வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும். அதனால்தான் விமானம் ஓடுபாதையில் அத்தனை வேகமாக ஓடுகிறது.

சரி, இன்ஜின் நின்றபின் வேகத்துக்கு எங்கே போவது? சைக்கிளில் இறக்கத்தில் வரும்போது பெடல் மிதிக்கிறீர்களா? இல்லையே! அதே மாதிரிதான். விமானி மூக்கைச் சற்றே கீழே சாய்ப்பார். விமானம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவில் இறங்குவதுபோல வரும். உயரத்தைச் செலவு செய்து வேகத்தை வாங்குகிறது! கனடா விமானம் ஒரு கிலோமீட்டர் கீழே இறங்குவதற்குள் சுமார் 12 கிலோமீட்டர் முன்னே போனது.

'ஐயோ, கீழே போகிறதே' என்று பயந்து மூக்கை ரொம்பவும் மேலே தூக்கினால் ஆபத்து. இறக்கையின் சாய்வு ஏறக்குறைய 15 டிகிரியைத் தாண்டினால், மேல்புறக் காற்று இறக்கையைத் தழுவாமல் பிய்த்துக்கொண்டு போய்விடும். தூக்குவிசை சட்டென்று குறைந்துவிடும்.

கார் பந்தயத் திடலில் விமானம்!

விமானி பாப் பியர்சன் கிளைடர் எனப்படும் இன்ஜின் இல்லாத விமானங்களை ஓட்டிப் பழகியவர். துணை விமானி மாரிஸ் குவின்டால் கணக்குப் போட்டுப் பார்த்தார். வின்னிபெக் விமான நிலையம் வரை போக முடியாது! பக்கத்தில் கிம்லி என்ற ஊரில் பழைய விமானப்படைத் தளம் இருந்தது. இருவரும் அங்கே திருப்பினார்கள். அந்த ஓடுபாதை கார் பந்தயத் திடலாக மாறியிருந்ததும், அன்று அங்கே குடும்பம் குடும்பமாக மக்கள் கூடியிருந்ததும் அவர்களுக்குத் தெரியாது!

ஓடுபாதையை நெருங்கியபோது விமானம் தேவைக்கு அதிகமான உயரத்தில் இருந்தது. மூக்கைக் குத்தி இறக்கினால் வேகம் எகிறிவிடும். என்ன செய்வது? பியர்சன் விமானத்தை ஒருக்களித்தபடி பறக்க விட்டார். காற்று பக்கவாட்டில் மோதியதால் தடை அதிகமானது. வேகம் கூடாமல் உயரம் மட்டும் குறைந்தது. கிளைடர் ஓட்டுபவர்களின் தந்திரம் இது!

சக்கரங்கள் தரையைத் தொட்டன. முன்சக்கரம் சரியாகப் பூட்டிக்கொள்ளாததால் மடங்கியது. மூக்கு தரையில் உரச, தீப்பொறி பறக்க விமானம் நின்றது. 69 பேரும் உயிர் பிழைத்தார்கள். தரையில் இருந்த ஒருவருக்கும் அடி இல்லை. பழுதுபார்க்கப்பட்ட அந்த விமானம் 2008-ம் ஆண்டு வரை பறந்தது. 'கிம்லி கிளைடர்' என்பது அதன் செல்லப்பெயர்.

எரிபொருள் ஏன் தீர்ந்தது?

விமானத்தின் எரிபொருள் அளவுமானி வேலை செய்யவில்லை. எனவே கையால் கணக்குப் போட்டார்கள். தேவைப்பட்டது 22,300 கிலோ. அப்போதுதான் கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. லிட்டரை எடையாக மாற்றும்போது, கிலோவுக்கான 0.8-க்குப் பதிலாக பவுண்டுக்கான 1.77-ஆல் பெருக்கிவிட்டார்கள். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. ஆகவே, தேவையானதில் பாதிகூட டாங்கில் இல்லை!

இனி கணக்குப் பரீட்சையில் விடைக்குப் பக்கத்தில் அலகு எழுதவில்லை என்று டீச்சர் அரை மார்க் குறைத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், சரியா? அந்தச் சின்ன வார்த்தைக்கு 69 உயிர்களின் மதிப்பு உண்டு!